லிட்டருக்குப் பதினைந்து

"ஆட்டு! இன்னும் நல்லா ஆட்டு! குமிழி வருது பாரு!"

பெட்ரோல் டாங்கின் வாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்தபடி அவர் கத்தினார். வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. காலை ஏழரை மணி. பெட்ரோல் பங்க்கில் அவர்களுக்குப் பின்னால் ஆறு வண்டிகள் நின்றன. ஆறும் ஹாரன் அடித்தன.

"போதுங்க. கை விட்டுப்போச்சு."

"உள்ள காத்து அடைச்சிருக்கும்மா. அது வெளியே வந்தாத்தான் முழுசா நிரம்பும். முழுசா நிரம்பினாத்தான் மைலேஜ் சரியா வரும். அண்ணே, இன்னும் ஒரு சொட்டு விடுங்க."

"கழுத்து வரைக்கும் வந்தாச்சு சார்," என்றார் பங்க்காரர். "இதுக்கு மேல ஊத்தினா வண்டி வாந்தி எடுக்கும்."

"ஒரே ஒரு சொட்டு."

சொட்டு விழுந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஓடிய தூரம் 412.6. ஊற்றிய பெட்ரோல் 32.23. பென்சில் வேகமாக ஓடி, சட்டென்று நின்றது.

"பன்னிரண்டு பாயிண்ட் எட்டு," என்றார், பரீட்சையில் பையன் தோற்றுவிட்ட செய்தி வந்ததுபோல.

பின்னால் மூன்றாவதாக நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. "வணக்கம் டீச்சர்! வண்டி ஸ்டார்ட் ஆகலையா? நான் வந்து தள்ளவா?"

மனைவி கையை வண்டியிலிருந்து எடுத்து, முந்தானையைச் சரிசெய்து, மிகுந்த கண்ணியத்துடன் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுத் தலைவர். ஒரு தெர்மாமீட்டர் உண்மை பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இருபது வருடம் அதையே செய்ததில் முழு எண்களின்மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. மணி கேட்டால் "ஒன்பது பாயிண்ட் அஞ்சு" என்பார். ஒன்பதரை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே பாயிண்ட் சார்தான்.

கார் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் நோட்டில் இருக்கிறது. பதினொரு நோட்டுகள் நிரம்பி, இது பன்னிரண்டாவது. வண்டியிலேயே இருக்கும் பெட்ரோல் முள்ளை அவர் மதிப்பதில்லை. அது எட்டு சதவீதம் பொய் சொல்கிறது என்று முதல் வருடமே கண்டுபிடித்து, அதன்மேல் காகிதம் ஒட்டிவிட்டார். முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பிப் பார்ப்பது ஒன்றே நேர்மையான வழி என்பது அவர் கொள்கை. மூன்று மாதத்துக்கு முன்புவரை அந்த நேர்மையான வழியில் பதினைந்து பாயிண்ட் இரண்டு வந்துகொண்டிருந்தது.

"இங்க பாருங்க," என்றார் மனைவி, சிக்னலில் நின்றபோது. "எங்க ஸ்கூல்ல எழுநூறு பிள்ளைங்க என்னைப் பார்த்தா நிமிர்ந்து நிக்கும். அதுல ஒருத்தனோட அப்பா நான் காரைப் பிடிச்சு உலுக்கறதை இன்னிக்குப் பார்த்துட்டார். சாயங்காலத்துக்குள்ள எழுநூறு பேருக்கும் தெரிஞ்சிடும்."

"இது தற்காலிகம்மா. எங்கேயோ உராய்வு ஜாஸ்தியா இருக்கு."

"ரெண்டு மாசம் டைம் தர்றேன். லிட்டருக்குப் பதினஞ்சு வந்தா வண்டி இருக்கட்டும். வரலைன்னா தம்பிகிட்ட சொல்லி வித்துடுவோம்."

தம்பி பழைய கார்களை வாங்கி விற்பவர். இந்தக் காரின்மேல் அவருக்கு ஆறு வருடமாக ஒரு கண். வரும்போதெல்லாம் அதைச் சுற்றி வந்து, "அத்தான், நீங்க குடுக்க வேண்டியது என்கிட்ட இல்லை, மியூசியத்துல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பாயிண்ட் சாருக்குப் பன்னிரண்டாவது நோட்டு பாதியில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"பதினஞ்சு பாயிண்ட் ஜீரோவா?" என்று கேட்டார்.

"ஆமா. சொல்லிட்டேன்."

அன்று மாலையே மெக்கானிக்கிடம் போனார். போகும் வழியில் உதிரிபாகக் கடையில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தார். இன்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றுகிற மருந்து. பாட்டிலின் மீதிருந்த எழுத்துகளை அவர் கடை வாசலில் நின்றே இரண்டு முறை படித்திருந்தார்.

"இரும்பும் இரும்பும் உரசுதா? இந்த மருந்து நடுவுல போய் மெத்தை மாதிரி படுத்துக்குமாம்! உராய்வு குறையும். உராய்வு குறைஞ்சா சக்தி மிச்சம். சக்தி மிச்சமானா பெட்ரோல் மிச்சம். பௌதிகம்ப்பா!"

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "எனக்குப் பௌதிகம் தெரியாது சார். ஸ்பேனர் தெரியும். ஊத்தினா சத்தம் குறையும், அது நிச்சயம். மைலேஜ் கூடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஊத்துப்பா!"

ஊற்றினார்கள். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகத் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் பேசிக்கொண்டிருந்த இன்ஜின், மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்தியது. பாயிண்ட் சார் பானெட்டின்மேல் காதை வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை மெக்கானிக் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் முதல் ஆளாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். வாகனம் நிறுத்துகிற இடத்தில் பாதியை மூன்று மாதத்துக்கு முன் புதுக் கிடங்கு விழுங்கிவிட்டது. மீதிப் பாதியில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை அடைத்து நிறுத்துகிறார்கள். உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமென்றால் முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும். அதனால் எல்லோரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. சாவிகளை வாங்கி ஆணியில் மாட்டுவதற்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். அவருக்கென்று தகரக்கூரை போட்ட ஒரு கூண்டு, ஒரு ஸ்டூல். முதல் வாரம் பாயிண்ட் சார் அந்தக் கூண்டுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, நாற்பத்து நாலு பாயிண்ட் ஒன்று என்று எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினார். நிர்வாகம் தெர்மாமீட்டரைத் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னது.

அவருடைய வண்டி எப்போதும் உள்மூலையில், கிடங்குச் சுவரை ஒட்டி நிற்கும். சாவியை நீட்டியவர் சும்மா போகவில்லை.

"அண்ணே, இன்னிக்கு வண்டியைக் கவனிச்சுப் பாருங்க. வித்தியாசம் தெரியும்."

சாயங்காலம் சாவிக்காரர் ஓடிவந்து சாவியைக் கொடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. "என்ன சார் பண்ணீங்க வண்டியை? பூனைக்குட்டி மாதிரி இருக்கு!"

"பார்த்தீங்களா! மருந்து!"

"தங்கமான மருந்து சார். விட்டுடாதீங்க."

பாயிண்ட் சார் விசில் அடித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். ஏறியதும் முதுகு இன்னும் கொஞ்சம் பின்னால் போனதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "பிக்கப் என்ன பிக்கப்! சீட்டே பின்னாடி சாயுதும்மா!"

"விழுந்துடப் போறீங்க," என்றார் மனைவி.

திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்க். இந்த முறை அவரே டாங்கின் வாயையும் பார்த்து, அவரே ஓடிப்போய் பின்பக்கத்தையும் ஆட்டினார். மனைவி சாலையின் மறுபக்கம் போய் நின்று, யாருக்கோ காத்திருப்பவர்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பாயிண்ட் நாலு.

மூன்று முறை கணக்குப் போட்டார். எண் அசையவில்லை.

"குறைஞ்சிருக்கு!" என்று மெக்கானிக்கிடம் போய் நின்றார். "மருந்து ஊத்தி, சத்தம் போய், மைலேஜும் போச்சு!"

"நான்தான் சத்தியம் பண்ண மாட்டேன்னு சொன்னேனே சார்."

"அளவு போதலைப்பா. இன்னொரு பாட்டில்."

மெக்கானிக் இன்ஜினைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். "மருந்து இருக்கட்டும். இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் நாலும் தேஞ்சுபோச்சு. அதான் இந்த உதறல். மாத்திடலாம்."

"உதறல்னா சக்தி வீண்! மாத்து!"

இரண்டாவது பாட்டிலும் போயிற்று, நான்கு புது ரப்பரும் வந்தன. இப்போது வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதே ஒரு கேள்வியாகிவிட்டது. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைந்துவிட்டதாக நினைத்து மறுபடி சாவியைத் திருப்பி, அது கிறீச்சிட்டதும் பாயிண்ட் சார் மகிழ்ச்சியில் துள்ளினார். ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை பானெட்டின்மேல் வைத்து இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. மனைவியைச் சமையலறையிலிருந்து இழுத்துவந்து காட்டினார்.

"அழகா இருக்கு," என்றார் மனைவி. "எவ்வளவு குடுக்குது?"

அந்த வாரம் பத்து பாயிண்ட் ஒன்று கொடுத்தது.

சாவிக்காரர் மட்டும் அசரவில்லை. "மனசைத் தளரவிடாதீங்க சார். வண்டி நாளுக்கு நாள் மெருகேறுது. ஓரமா நகர்த்தும்போதே தெரியுதே."

"நீங்க ஒருத்தர்தான் அண்ணே புரிஞ்சுக்கறீங்க."

முறையான சோதனை ஒன்று செய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, டாங்கை முட்ட நிரப்பி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர். ஏசி கூடாது, அது பெட்ரோலைத் தின்னும். ஜன்னலும் திறக்கக் கூடாது. காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். நாற்பதாவது கிலோமீட்டரில் மனைவி ஒரு நோட்டுப்புத்தகத்தால் விசிற ஆரம்பித்தார்.

"ரொம்ப வேகமா விசிறாதே," என்றார் அவர். "வண்டி ஆடுது."

"இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நான் கதவைத் திறந்துடுவேன். ஓடும்போதே."

திரும்பி வந்து நிரப்பினார்கள். பென்சில் ஓடியது. பாயிண்ட் சார் பங்க்கின் நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, "பதினஞ்சு பாயிண்ட் ஆறு!" என்று அலறினார். பங்க்காரர் பயந்துபோய் குழாயைக் கீழே போட்டார்.

"ஜெயிச்சாச்சு! மருந்து வேலை செய்யுது!"

"நல்லதுங்க," என்றார் மனைவி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. நிஜமாகவே அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "ஆனா ஒரு நாள் வந்தாப் போதாது. தினமும் ஓட்டுற ஓட்டத்துல வரணும்."

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் பத்து பாயிண்ட் ஒன்று.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பாயிண்ட் சார் சாப்பிடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நோட்டைத் திறந்துவைத்து இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அதே வண்டி. அதே பெட்ரோல். அதே ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை இருந்து திங்கட்கிழமை இல்லாதது எது? மெதுவாகத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். கண்கள் பளபளத்தன.

"உன் எடை எவ்வளவு?"

மனைவி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"பௌதிகத்துக்கு."

"அம்பத்தெட்டு."

"பாயிண்ட்?"

"பாயிண்ட் எல்லாம் கிடையாது. அம்பத்தெட்டு."

அவர் மனைவியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். குறைத்துக் காட்டும் கருவிகளை அவர் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறார். நோட்டில் '58' என்று எழுதி, பக்கத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று சின்னதாக எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி வாசலுக்கு வந்தபோது, காரின் முன் இருக்கையில் இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழே கால் வைக்கிற இடத்தில் மூன்றாவது கேன். அதன் தலைமேல், மூடிபோட்ட ஒரு சொம்பு.

"இது யாரு?"

"நீ."

"நான் மூணு கேனா?"

"பக்கத்துல எடை இருந்தா வண்டி ஒரே சீராப் போகுதும்மா. நீ ஸ்கூலுக்கு வேற பக்கம் போகணும். அதான் உனக்குப் பதிலா."

மனைவி கேன்களை எண்ணினார். துணைத் தலைமையாசிரியை, கணக்குப் பாடம் எடுப்பவர். "மூணு கேன்னாலே அறுபது ஆகுதே. அந்தச் சொம்பு எதுக்கு?"

"பிழைத் திருத்தம்."

அந்த வாரம் முழுவதும் அவரிடம் மனைவி பேசவில்லை.

சாவிக்காரருக்கும் கேன்கள் பிடிக்கவில்லை. "இடிக்குது சார். இதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சுக்கலாமா?" என்றார். பாயிண்ட் சார் உறுதியாக மறுத்துவிட்டார்.

கேன்களோடு சேர்த்து இன்னொன்றும் நடந்தது. மெக்கானிக் பெல்ட்டைத் தட்டிப் பார்த்து, "ஏசி கம்ப்ரஸர் இறுகியிருக்கு சார். சர்வீஸ் பண்ணணும்" என்றார்.

"நான் ஏசியே போடறதில்லையேப்பா!"

"நீங்க போடாட்டியும் அதோட சக்கரம் சுத்துது. அது சுத்தறதுக்கு இன்ஜின்தான் உழைக்கணும்."

"அங்கேயும் உராய்வா!"

சர்வீஸ் நடந்தது. கேஸ் நிரப்பி, வடிகட்டியைக் கழுவி மாட்டியதும், மெக்கானிக் ஒரே ஒரு நிமிடம் போட்டுக் காட்டினார். கண்ணாடியில் பனி படர்ந்தது. "அணை, அணை!" என்று பாயிண்ட் சார் பதறினார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஐந்து பாயிண்ட் ஐந்துக்கு வண்டிக்கு வந்தவருக்கு ஏதோ உறைத்தது. சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். பக்கத்து வண்டிக்காரரைக் கெஞ்சி அவர் வண்டிக்குள் ஐந்து நிமிடம் வைத்தார். நாற்பத்து மூணு பாயிண்ட் ஐந்து. பிறகு தன் வண்டிக்குள். முப்பத்தொன்று பாயிண்ட் இரண்டு. உடனே மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"எல்லா வண்டியும் அடுப்பு மாதிரி கொதிக்குதுப்பா! என் வண்டி மட்டும் சில்லுனு இருக்கு! உராய்வு இல்லைன்னா சூடு இல்லை! நிரூபணம் ஆயிடுச்சு!"

"சார், வண்டி காலையிலேருந்து நின்னுட்டுத்தானே இருந்துச்சு? நிக்கிற வண்டியில என்ன உராய்வு?"

"அதான்ப்பா அதிசயம்! நிக்கும்போதே இப்படின்னா ஓடும்போது எப்படி இருக்கும்!"

ஓடும்போது எட்டு பாயிண்ட் ஆறு இருந்தது.

இப்போது அவர் மனதில் முதல்முறையாக ஒரு கறுப்புச் சந்தேகம் நுழைந்தது. பௌதிகம் பொய் சொல்லாது. அப்படியென்றால் மனிதர்கள் யாரோ பொய் சொல்கிறார்கள். பெட்ரோலை எவனோ குழாய் போட்டு உறிஞ்சுகிறான்!

அன்றே டாங்குக்குப் பூட்டுபோட்ட மூடி வாங்கினார். மறுநாள் காலை சாவிக்காரரைத் தனியாக அழைத்துப்போய், சுவரோரம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்களை நம்பி ஒரு பொறுப்பு தர்றேன். இந்தத் தொழிற்சாலைக்குள்ள பெட்ரோல் திருடன் இருக்கான்."

சாவிக்காரர் திடுக்கிட்டுப்போனார். "அய்யய்யோ! நம்ம வண்டியிலயா சார்?"

"நம்ம வண்டியிலதான். கெடு முடிய இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. பதினஞ்சு வரலைன்னா வண்டி போயிடும். நீங்க மத்தியானம் பூரா இந்த வண்டியை விட்டு நகரக் கூடாது. முடியுமா?"

சாவிக்காரரின் கண் கலங்கியது. இத்தனை வருட வேலையில் யாரும் அவரை நம்பி இப்படி ஒரு காரியத்தை ஒப்படைத்ததில்லை. "வண்டி போயிடுமா? விடுவேனா சார்! சாப்பிட்ட கையோட வந்துடறேன். நீங்க வர்ற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டேன். எவன் வர்றான்னு பார்த்துடறேன்."

"கேன் இடிக்குதுன்னு சொன்னீங்களே. எடுத்துடறேன். அதுல பலன் இல்லை."

"ரொம்ப நன்றி சார்."

திருடன் அகப்படவில்லை. ஒருநாள்கூட, ஒருவர்கூட, வண்டியின் பக்கத்தில் வரவில்லை என்று சாவிக்காரர் தினமும் சத்தியம் செய்தார். பூட்டில் கீறல் இல்லை. வீட்டில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்த்ததில் ஒரு துளி ஒழுக்கும் இல்லை. மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, "புது வண்டி மாதிரி இருக்கு சார், எனக்கே வெக்கமா இருக்கு" என்றார்.

கெடுவின் கடைசித் திங்கட்கிழமை. ஏழு பாயிண்ட் நாலு.

பாயிண்ட் சார் அந்த எண்ணை எழுதிவிட்டு, நோட்டை மூடி, அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டார். மனைவிக்கே பொறுக்கவில்லை.

"வேணும்னா இன்னொரு மாசம் பார்க்கலாங்க."

"வேண்டாம்மா. எண் எண்தான். தம்பியைக் கூப்பிடு."

வெள்ளிக்கிழமை மாலை மைத்துனர் ஆளோடு வந்துவிட்டார், நேராகத் தொழிற்சாலைக்கே. மனைவியும் பள்ளியிலிருந்து தம்பியோடு வந்திருந்தார். வாங்க வந்தவர் ஒரு பல் மருத்துவர். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் திறக்கச் சொல்லி, வாயைத் திறந்து காட்டும் நோயாளியைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார். அங்கங்கே விரல்நுனியால் தட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஓடிட்டிருக்கு," என்றார் பாயிண்ட் சார்.

மருத்துவர் கையை வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "ஓடுதா இது?"

அவ்வளவுதான். விற்க வந்ததையே பாயிண்ட் சார் மறந்துபோனார். "இருங்க, இருங்க!" என்று ஓடி, பின் இருக்கைக்கு அடியில் இன்னும் கிடந்த சொம்பை எடுத்து, குழாயில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து வந்து பானெட்டை மூடி மேலே வைத்தார். நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீரில் நால்வரின் முகமும் அலுங்காமல் தெரிந்தது.

"அபாரம்!" என்றார் மருத்துவர். "எடுத்துக்கறேன். மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

மைத்துனர் அவசரமாக வாயைத் திறந்தார். ஆனால் கேள்வி ஒரு எண்ணைப் பற்றியது. எண்ணைப் பற்றிய கேள்விக்கு அந்த இடத்தில் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

"ஏழு பாயிண்ட் நாலு."

"என்னது?"

"லிட்டருக்கு ஏழு பாயிண்ட் நாலு கிலோமீட்டர். நோட்டு இருக்கு, காட்டட்டுமா?"

"அத்தான்!" மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாழ்க்கையில ஒரு பொய்! ஒரே ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

மருத்துவர் இரண்டடி பின்வாங்கினார். "வெளியே பார்க்க நல்லா இருக்கு. உள்ள சொத்தை. இந்த மாதிரிக் கேஸ் நான் நிறையப் பார்த்திருக்கேன். இன்ஜின்ல பெரிய கோளாறு இருக்கு, வேர் வரைக்கும் போயிருக்கும். எனக்கு வேண்டாம்."

மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். இரண்டு மாதமாக எதற்கும் தளராத அந்த முகம் அப்போது சுருங்கிப்போயிருந்தது. டிக்கியைத் திறந்து, காலியான இரண்டு மருந்து பாட்டில்களையும் எடுத்தார் பாயிண்ட் சார்.

"கோளாறு வண்டியில இல்லை டாக்டர். எல்லாம் இதால வந்தது. உராய்வு குறையும்னான், பெட்ரோல் மிச்சமாகும்னான். பச்சைப் பொய்! இந்த மருந்தை ஊத்தின நாளிலேருந்துதான் என் வண்டி விழுந்துபோச்சு!"

பாட்டில்களை ஓங்கிக் குப்பைத்தொட்டியில் எறியப் போனார். கை பாதியில் நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.

சாவிக்காரர். வண்டி போகப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து கூண்டுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தவர், சார் அவமானப்படுவதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் ஓடிவந்திருந்தார். மருத்துவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க இந்த வண்டியைக் கோளாறுன்னு சொன்னது? முன்னாடியெல்லாம் மத்தியானம் ஏசியைப் போட்டுட்டு இதுல சாய்ஞ்சா, இன்ஜின் உதறுற உதறல்ல இருபதே நிமிஷத்துல முழிப்பு வந்துடும். சார் இந்த மருந்தை ஊத்தினப்புறம் ரெண்டு மணி நேரம் ஓடினாலும் ஓடுறதே தெரியாம, நேத்து அலாரம் வெச்சுல்ல எந்திரிச்சேன்!"